ஏகாம்பரம் கம்பைலர் போட்டுத் தருகிறார்

போட்டுத்தருபவர் என்று ஓர் இனம் உண்டு. ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வட்டாரத்தில் கொசுவுக்கு அடுத்தபடியாகப் பெருகியிருப்பது இதுதான் என்பது என் கணிப்பு. கம்ப்யூட்டரில் ஏதோ ஒன்று போட வேண்டும் என்று நீங்கள் சுவரைப் பார்த்து முணுமுணுத்தாலும் இவர் காதுக்கு எட்டிவிடும். கூப்பிட வேண்டியதில்லை. வந்துவிடுவார். வந்தவர் தண்ணீர் கேட்கமாட்டார். உங்கள் நாற்காலியைத்தான் கேட்பார்.

"நவுரு தங்கச்சி. அஞ்சு நிமிச வேல."

ஆவடி குவார்ட்டர்ஸ் கஸ்தூரிக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை வாய்த்தவர் ஏகாம்பரம். அவள் கணவன் கார்த்திகேசனோடு அதே தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர், லேத்தில் புலி. அந்தப் புலி கம்ப்யூட்டரிலும் பாயும் என்பது அவராக வைத்துக்கொண்ட நம்பிக்கை. கஸ்தூரியோ பத்து வருஷம் வீட்டோடு கிடந்துவிட்டு, ஆறு மாதம் பஸ்ஸில் நசுங்கி, குமணன்சாவடி பயிற்சி மையத்தில் புரோகிராம் எழுதக் கற்றவள். கடைசிப் பரீட்சை வீட்டில்: ஒரு புரோகிராம் எழுதி, சொந்தக் கம்ப்யூட்டரில் ஓட்டி, மாலை ஐந்துக்குள் அனுப்ப வேண்டும். அனுப்பினால் மறுநாள் அம்பத்தூர் எஸ்டேட்டில் நேர்முகத் தேர்வு. தவறினால் இன்னும் ஆறு மாதம். புரோகிராமை அவள் எழுதி முடித்துவிட்டாள். அதை மெஷினுக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலர்தான் வீட்டில் இல்லை. மணி இரண்டு.

இந்த இனத்தின் முதல் சடங்கு, முன்னால் வந்தவரைத் திட்டுவது.

"யாரும்மா இத்தப் போட்டது? இன்னா இது, குப்பத்தொட்டியாட்டம் கீது!"

திட்டியபின் கம்பைலர் போட்டாரா? அது எப்படி? முதலில் திரையில் இருந்த படத்தை மாற்றினார், எழுத்தைப் பெரிதாக்கினார், கார்த்திகேசனின் கிரிக்கெட் அட்டவணையை அநாவசியம் என்று அழித்தார், வைரஸ் காவலனைத் தூங்கவைத்தார், இதையெல்லாம் செய்துகொண்டே தன் மச்சினன் கம்ப்யூட்டரை எமன் வாயிலிருந்து மீட்ட கதையையும் சொன்னார். மூன்று மணிக்குத்தான் கம்பைலர் இறங்கியது. அது எந்த இடத்தில் இருக்கிறது என்ற விலாசத்தையும் மெஷினுக்குக் கொடுத்துவிட்டு, மெஷினுக்குக் கட்டளை தட்டுவதற்கென்று ஏற்கெனவே திறந்து வைத்திருந்த கறுப்பு ஜன்னலில் அதன் பெயரைத் தட்டினார்.

அப்படி ஒன்றை எனக்குத் தெரியாதே என்றது ஜன்னல்.

கழற்றினார். மறுபடி போட்டார். அதே ஜன்னலில் தட்டினார். தெரியாது. மூன்றாம் முறையும் போட்டார். தெரியவே தெரியாது.

கஸ்தூரி கடிகாரத்தைப் பார்த்தாள். "அண்ணே, அந்த ஜன்னல மூடிட்டு வேணும்னா…"

"அத்த மட்டும் தொடாத! என் வேலையெல்லாம் அதுலதான் கீது."

பிறகு மண்ணூர்பேட்டை டில்லிபாபுவுக்குப் போன் போட்டார். இவர்களில் ஒருவருக்குச் சந்தேகம் வந்தால் இன்னொருவரைத்தான் கேட்பார். இருவரும் கலந்து பேசினால் தீர்ப்பு என்றுமே ஒன்றுதான்.

"ஃபார்மேட் அட்ச்சிட்லாம், தங்கச்சி. மொத்தத்தையும் தொடச்சிட்டு புச்சா ஆரம்பிக்கலாம்."

"ஐயோ, என் புரோகிராம் இதுலதானே இருக்கு!"

"நீ எழுதுனதுதான? மனப்பாடமா இருக்குமே!"

சொல்லிவிட்டு, பென் டிரைவ் எடுத்து வரக் கீழே வண்டிக்குப் போனார். மணி நாலேகால். கஸ்தூரி தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். புரோகிராமையாவது காப்பாற்றுவோம் என்று திறந்திருந்த அத்தனையையும் மூடினாள், கறுப்பு ஜன்னல் உட்பட. புரோகிராமைத் தனக்கே மெயிலில் அனுப்பினாள். பிறகு, போகிற உயிருக்குக் கடைசியாக ஒரு வாய் தண்ணீர் ஊற்றுவதுபோல, புதிதாக ஒரு கறுப்பு ஜன்னலைத் திறந்து கம்பைலரின் பெயரைத் தட்டினாள்.

பெயர், பதிப்பு எண் எல்லாம் சொல்லிக்கொண்டு வந்து நின்றது கம்பைலர்.

முதல் தடவையே ஒழுங்காகத்தான் போட்டிருந்தார் மனிதர். கறுப்பு ஜன்னல், திறக்கும்போது படித்த விலாசங்களை மட்டுமே வைத்துக்கொண்டிருக்கும். பிறகு கொடுத்தது அதற்குத் தெரியாது. மூடித் திறந்திருந்தால் மூன்று மணிக்கே முடிந்திருக்கும். கஸ்தூரி புரோகிராமை ஓட்டினாள். விடை சரியாக வந்தது. அனுப்பியபோது மணி நாலு முப்பத்தெட்டு.

ஏகாம்பரம் மூச்சிரைக்கப் படியேறி வந்து திரையைப் பார்த்தார். ஒரு கணம்கூட அசரவில்லை.

"பாத்தியா? மூணாவது வாட்டி போட்டேன்ல, அதான் நின்னுச்சி!"

"ஆமாண்ணே" என்றாள் கஸ்தூரி. நாற்காலியை விட்டு மட்டும் எழுந்திருக்கவில்லை.

திங்கட்கிழமை தொழிற்சாலை கேன்டீனில் இதுதான் பேச்சு. "இன்னா மாமே, கார்த்தி ஊட்டு சிஸ்டம் அவுட்டு. நான்தான் உயிர் குட்த்தேன்" என்று சொல்லி, அங்கேயே மேலும் இரண்டு வீடுகளைப் பிடித்துவிட்டார்.

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை, தெரியும். ஆனாலும் ஒன்று கேட்கிறேன். ஏகாம்பரம் அதே ஜன்னலில் இரண்டாம் முறை தட்டியபோது, "யோவ், அத மூடித் திறய்யா!" என்று உங்களுக்குக் கை பரபரத்ததா? அவரைத் தள்ளிவிட்டு அந்த நாற்காலியில் நீங்களே உட்காரலாம் போலிருந்ததா? அப்படியானால், புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய செய்தியை அக்கம்பக்கத்தார் உங்களிடம் மட்டும் ஏன் சொல்வதில்லை என்று இப்போது விளங்கியிருக்கும்.