நூற்றுக்கு நூறு வாங்கிய இயக்குநர் குழு

தண்ணீர் மோட்டார் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றின் மாட்சிமை பொருந்திய இயக்குநர் குழு, ஊழியர்களுக்கு இனிச் செயற்கை நுண்ணறிவுக் கருவியே பாடம் நடத்தும் என்று தீர்மானித்தது. அவரவர் மூளைக்குத் தக்கபடி அது பாடத்தை ஏற்றி இறக்கிக்கொள்ளுமாம். அதுவரை பாடம் நடத்திவந்தவர் பயிற்சி அதிகாரி. கருவி ஜெயித்தால் அவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மகள் இப்போதுதான் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள்.

முன்மாதிரியாக இயக்குநர்கள் ஆறு பேரும் முதலில் கற்பது என்று முடிவாயிற்று. ஆளுக்கொரு திரை. அந்த அறையில் ஒரு வழக்கம் உண்டு. தலைவர் கை தூக்கினால் மற்ற ஐவரும் தூக்குவார்கள். எதற்கென்று பிறகு விசாரித்துக்கொள்வார்கள்.

கருவி முதலில் சந்தை நிலவரம் பற்றிக் கேட்டது. தலைவர் தப்பான விடையைத் தொட்டார். ஐவரும் எட்டிப் பார்த்து அதையே தொட்டார்கள். கருவி ஒரு படி இறங்கி, நமது நிறுவனம் எதைத் தயாரிக்கிறது என்று கேட்டது. அதெல்லாம் கீழே இருக்கிறவர்கள் கவனிக்கும் விஷயம் என்று தலைவர் முகம் சுளித்தார். கருவி மேலும் இறங்கி, இதற்குமேல் இறங்க இடமில்லாமல், பணிவாகக் கேட்டது: 'நீங்கள்தான் தலைவரா?'

தலைவர் பெருமிதத்தோடு 'ஆம்' என்பதைத் தொட்டார். ஐவரும் 'ஆம்' என்றே தொட்டார்கள்.

'அனைவருக்கும் நூற்றுக்கு நூறு. இக்குழுவில் தலைவர்கள் ஆறு பேர்' என்று அறிவித்தது கருவி.

தலைவர் மெதுவாகப் பயிற்சி அதிகாரி பக்கம் திரும்பினார்.

"மெஷின் தப்பா, நாங்க தப்பா?"

மெஷின்தான் தப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சனியன் ஒழிந்தது. ஆனால் கூடவே தலைவரின் நூறும் போய்விடும். சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம் வாங்க அவர் ஏற்கெனவே ஆள் அனுப்பிவிட்டார்.

"கேள்விதான் தப்புங்க ஐயா. உங்களுக்குத் தகுந்த கேள்வியா முன்னாடியே பார்த்து வைக்க ஒரு ஆள் வேணும்."

"யாரு இருக்கா அதுக்கு?"

"நான் இருக்கேங்க."

தலைவர் கை தூக்கினார். ஐவரும் தூக்கினார்கள். வேலை பிழைத்தது.

எல்லாரும் போன பிறகு அதிகாரி நிம்மதியாகக் கருவியை அணைக்கப் போனார். திரை அவரையும் விடவில்லை. 'இன்று இங்கே யாராவது எதையாவது கற்றார்களா?' என்று கேட்டது.

அதிகாரி வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, 'ஆம்' என்பதைத் தொட்டார்.

'சரியான விடை' என்றது கருவி. 'இங்கே எதற்கும் இதுதான் விடை என்று நானும் இன்றுதான் கற்றுக்கொண்டேன்.'