உடும்பண்ணனும் ஆறுமணிக் குருவியும்

அவனியாபுரத்தில் உடும்பண்ணன் கையில் சிக்கிய நட்டும் தப்பியதில்லை, ஆளும் தப்பியதில்லை. லேத் பட்டறை முதலாளி. அவருடைய சொந்தப் பெயர் தெருவில் யாருக்கும் தெரியாது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்புவாரா என்பது சந்தேகம். துருப்பிடித்த ஒரு நட்டைக் கழற்ற உட்கார்ந்துவிட்டால், கல்யாணப் பந்திக்குக் கூப்பிட்டாலும் எழுந்திருக்கமாட்டார்.

அவர் கணக்கில் மனிதர்கள் இரண்டே ரகம். பிடித்த வேலையை விடாதவன் உடும்பு. மணி ஆறானதும் பையைத் தூக்குகிறவன் ஆறுமணிக் குருவி. அது காலையும் மாலையும் ஆறு மணிவாக்கில் கத்துகிற காட்டுப் பறவை. அதை அவர் கண்ணால் கண்டதில்லை என்பது வேறு விஷயம்.

பட்டறையில் பில் போட்டுக்கொண்டிருந்த நான்தான் தலைமைக் குருவி. மாலைக் கல்லூரியில் படித்து வந்தேன். வருகை குறைந்தால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். அண்ணனோ நான் கிளம்பும் நேரம் பார்த்துத்தான் புது வேலையை நீட்டுவார்.

“உடும்பு எம்புட்டுப் பெருசு! செவத்தப் பிடிச்சா ஆளையே தாங்கும். குருவி ஒரு கைப்பிடி இருக்குமா? அதுக்கு டைம் வேற!”

“அண்ணே, கிளாஸ் போயிரும்ணே.”

“பாத்தியா, கத்துது!”

மழைக்காலம் தொடங்கிய சமயம், பச்சை முதுகும் சிவந்த அடிவயிறுமாக ஒரு குட்டைவால் பறவை பட்டறைக்குள் வந்து விழுந்தது. அண்ணன் அதை ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் வைத்துத் துண்டால் மூடினார். அது பயப்படும் என்று கிரைண்டரையே நிறுத்திவிட்டார். சாயங்காலம் பெட்டிக்குள்ளிருந்து கணீரென்று விசில் சத்தம். எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்தோம். மணி ஆறு.

“ஆத்தாடி, இதானா அது?” என்றார் அண்ணன்.

நான் போனில் தேடிப் படித்துக் காட்டினேன். இமயமலை அடிவாரக் காடுகளிலிருந்து குளிருக்குத் தெற்கே பறந்து வருகிற பறவையாம்.

அண்ணன் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். “உடும்பு பிடிச்ச செவத்துலயேல்ல கெடக்கும்? இம்புட்டூண்டு குருவி அங்கிட்டிருந்து வந்திருக்கே!” என்றவர், சட்டென்று என்மேல் பாய்ந்தார். “ஆறாச்சுல்ல? இன்னும் என்னத்தா நிக்கிற? கெளம்பு!”

மறுநாள் பட்டறையைப் பூட்டிவிட்டு, பறவையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போய் அழகர்மலை அடிவாரத்தில் விட்டு வந்தார். அதன்பிறகு எனக்கு ஒரு வகுப்பும் தவறவில்லை.

பரீட்சையன்று அவரே வண்டியில் கொண்டுபோய் விட்டார். கல்லூரி வாசலில் காவலாளி, “பொண்ணு யாருண்ணே?” என்று கேட்டார்.

“எங்க பட்டறைக் குருவி,” என்றார் அண்ணன், ரோட்டுக்கே கேட்கும்படி. “எம்புட்டுத் தூரம் போகப்போகுதுன்னு மட்டும் பாருங்க!”

காவலாளிக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. என்னைப் பெற்றவர்கள்கூட என்னைப் பற்றி அத்தனை பெருமையாகச் சொல்லி நான் கேட்டதில்லை.