ஜெயித்தவுடன் காணாமல் போகிறவர்

தோற்றவர்கள் ஓடி ஒளிவதைப் பார்த்திருப்பீர்கள். ஜெயித்துவிட்டு ஓடி ஒளிகிற ஓர் இனம் இருக்கிறதே, பார்த்திருக்கிறீர்களா? இணைய ஏலத்தில் ஒரு பொருளைக் கண்டதும் நெஞ்சு படபடக்க, பொருளின் அடிப்பக்கத்தையும் முதுகையும் படமெடுத்து அனுப்பச் சொல்லி, காலில் துரு உண்டா, பலகையில் கீறல் உண்டா என்று பெண் பார்க்க வந்தவர் மாதிரி விசாரித்து, முகம் தெரியாத எவரோ விலையை ஏற்ற ஏற்ற ரோஷம் பொங்கித் தானும் ஏற்றி, எல்லாரையும் மண்ணைக் கவ்வ வைத்து, "வாழ்த்துகள், பொருள் உங்களுடையது" என்று திரையில் வந்ததும், ஐயையோ, இதை எங்கே வைப்பது என்று வியர்த்துப் போகிறாரே, அவர்தான். ஏலப் புலி என்று வைத்துக்கொள்வோம். பாய்ச்சல் மட்டும் புலிப் பாய்ச்சல். பிடித்ததைத் தின்னாது.

இந்தப் புலிகளின் நடை உடை பாவனை அத்தனையும் தமக்கு அத்துப்படி என்று சொல்லிக்கொள்ளும் ஒருவர் இருக்கிறார். காப்பீட்டு நிறுவனத்தில் ஆய்வாளர். வண்டி மோதிவிட்டது, கடை எரிந்துவிட்டது, கிடங்கில் தண்ணீர் புகுந்துவிட்டது என்று இழப்பீடு கேட்டு வருகிறவர்கள் சொல்வதில் எது நிஜம், எது கதை என்று பிரித்தெடுப்பது அவர் வேலை. எரிந்த கடையின் சாம்பலைக் கையில் அள்ளிப் பார்த்து, இங்கே சரக்கே இருந்ததில்லையே என்று சொல்லக்கூடியவர். அலுவலகத்தில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். காதுபடவே சொல்வார்கள். அவருக்கும் அதில் பெருமைதான்.

அந்தப் பூதக்கண்ணாடியின் வீட்டுக் கீழறையை ஒரு டேபிள் டென்னிஸ் மேஜை அடைத்துக்கொண்டு நின்றது. எப்படி வந்தது என்கிறீர்களா? ஏலத்தில்தான். தொப்பையைக் கரைக்கப் போகிறேன் என்று சூளுரைத்து எடுத்தார். மடக்க முடியாத பழைய ரகம். இரண்டாகப் பிரித்தாலும் ஒவ்வொரு பாதியும் ஒரு கட்டில் அகலம். வந்த அன்றே மனைவியோடு ஆடினார். மனைவி ஜெயித்தார். அத்தோடு ஆட்டம் முடிந்தது. பிறகு வலைக்கு இந்தப் பக்கம் காய்ந்த துணி, அந்தப் பக்கம் மடித்த துணி.

இப்போது அவருடைய அப்பாவுக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து இங்கேதான் வருகிறார். மாடி ஏற முடியாது. கீழே அந்த அறையை விட்டால் வேறு அறை கிடையாது.

"ஏங்க, ஞாயித்துக்கிழமைக்குள்ள இது போகலன்னா மாமா இது மேலதான் படுக்கணும்," என்றார் மனைவி. "தலை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவுல வலை."

மேஜையை ஏலத்தில் விட்டார். புலிகள் பாய்ந்தன. முதலில் ஜெயித்தவர், மனைவிக்கு நிறம் பிடிக்கவில்லை என்று எழுதினார். டேபிள் டென்னிஸ் மேஜையை ரோஜா நிறத்திலா செய்வார்கள்? அடுத்தவர், தாம் ஏலமே கேட்கவில்லை, கைக்குழந்தை போனை எடுத்து அழுத்திவிட்டது என்றார். காலில் துரு இருக்கிறதா என்று முந்தின நாள் விசாரித்த கைக்குழந்தை. மூன்றாவதாக 'அமைதிப்புயல்' என்ற பெயரில் ஒருவர். ஜெயித்த கையோடு, நாளைக்கே வண்டியோடு வருகிறேன் என்றார். வண்டி வரவில்லை, கடிதம் வந்தது. "மாமனாருக்குத் திடீரென்று உடம்பு சரியில்லை. குடும்பமே நிலைகுலைந்து நிற்கிறது. மன்னித்துவிடுங்கள். மேஜைக்கு ஒரு நல்ல வீடு அமையட்டும்."

இந்தச் சாக்குகளையெல்லாம் பூதக்கண்ணாடி போனில் பத்திரமாக வைத்திருந்தார். மதியச் சாப்பாட்டின்போது சக ஊழியர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டி விளக்கவுரையும் சொல்வார். அமைதிப்புயலின் கடிதம் அவருக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று.

"ஏன் மாமனார்னு போடறான் கவனிச்சீங்களா?" என்று சோற்றைப் பிசைந்தபடி கேட்டார். "அப்பான்னு எழுதினா பலிச்சுடுமோன்னு பயம். மாமனார்னா பலிச்சாலும் பரவாயில்ல. இருபது வருஷமா பொய்யைப் பாத்துட்டிருக்கேன். எனக்கா தெரியாது?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அவர் போனில் மணி அடித்தது. அப்பாவுக்குத் தலைப்பக்கம் உயர்த்தக்கூடிய கட்டில் வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால், அதே ஏலத் தளத்தில் அப்படிப்பட்ட கட்டில் ஒன்றுக்கு விலை கேட்டு வைத்திருந்தார். யாரோ அவரை மிஞ்சிவிட்டார்கள். விடுவாரா? ரசம் ஆற, சோறு காய, கட்டை விரலாலேயே போர் புரிந்து, சக ஊழியர்கள் கைதட்ட, ஜெயித்தார். நாளைக்கே வண்டியோடு வருகிறேன் என்று எழுதினார். விற்கிற அம்மாளும், சீக்கிரம் எடுத்துக்கொண்டால் உபகாரம், இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது என்று பதில் போட்டிருந்தார்.

அப்போதுதான் வியர்த்தது. கட்டிலை எங்கே போடுவது? மேஜை மேலேயா?

"என் அறை இன்னும் காலியாகவில்லை, கொஞ்சம் பொறுங்கள்." ஒரு வரிதான். நீங்களும் நானும் எழுதிவிடுவோம், இல்லையா? பூதக்கண்ணாடியால் முடியவில்லை. ஊரார் பொய்யைப் பிட்டுப் பிட்டு வைக்கிறவர், ஒரு மேஜையைத் தம் வீட்டிலிருந்து வெளியேற்ற முடியாமல் தவிக்கிறேன் என்று முன்பின் தெரியாத ஒரு அம்மாளிடம் ஒப்புக்கொள்வதா? போனில் இருந்த சாக்குகளைப் புரட்டினார். இருந்ததிலேயே உயர்ந்த சரக்கை எடுத்தார். அப்படியே நகலெடுத்து அனுப்பிவிட்டு, ஒருவழியாக மூச்சு விட்டார்.

மறுநாள் சனிக்கிழமை. மேஜையின் கால்களையாவது கழற்றலாம் என்று அடியில் படுத்துக்கொண்டு, இரு கையும் மசகோடு திருகிக்கொண்டிருந்தார். போன் மேலே துணிகளுக்கு நடுவில் கிடந்தது. மணி அடித்ததும் மனைவியைப் படிக்கச் சொன்னார்.

"எங்கப்பாவுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார் மனைவி.

"ஒண்ணும் ஆகலையே."

"இப்பதான் பேசினேன். பக்கத்து வீட்டுக்காரரோட சண்டை போட்டுட்டு வந்து சாப்பிடறேன்னார். நீங்க என்னடான்னா குடும்பமே நிலைகுலைஞ்சு நிக்குதுன்னு எழுதியிருக்கீங்க."

எழுந்திருக்கப் பார்த்து, தலை மேஜையில் மோதியது. மனைவி விடாமல் பதிலையும் படித்தார்: "சார், கட்டில் என்னோடது. என் மனைவி கணக்குல விக்கிறேன். நீங்க எழுதியிருக்கிற மேஜை உங்களோடது. அந்த மாமனாரும் என்னோட மாமனார்தான். இப்படிக்கு, அமைதிப்புயல்."

இருபது வருஷமாகப் பொய்யைப் பார்த்தவர், மேஜை என்ற சொல்லைக் கட்டில் என்று மாற்ற மறந்திருந்தார்.

அவர் மேஜைக்கு அடியிலேயே இருக்க, மனைவி போனை எடுத்து அமைதிப்புயலின் மனைவியோடு பேசினார். ஒரு காப்பி ஆறுகிற நேரத்தில் எல்லாம் வெளிச்சமாயிற்று. அந்தக் கட்டிலில் படுத்திருந்த அந்த வீட்டுப் பெரியம்மா குணமாகி நடக்கத் தொடங்கிவிட்டார். கட்டில் சும்மா கிடக்கிறது. அது போனால்தான் பிள்ளைகளுக்கு மேஜை போட முடியும். கட்டிலை ஏலத்தில் ஜெயித்தவர்களோ ஒருவர் பின் ஒருவராக மாயமாகிவிட்டார்கள். அங்கே கட்டில் நகராததால் இங்கே மேஜை நகரவில்லை. இங்கே மேஜை நகராததால் அங்கே கட்டில் நகரவில்லை. அறை காலியாகவில்லை என்று இரண்டு ஆண்பிள்ளைகளில் ஒருவர் வாயைத் திறந்திருந்தால் போதும்.

ஒரே வண்டியில் மாற்றிக்கொள்வதென்று பெண்கள் முடிவு செய்தார்கள். அதன்பிறகும் ஆண்கள் இருவரும், முதலில் நீங்கள் அனுப்புங்கள், இல்லை நீங்கள் அனுப்புங்கள் என்று மாலைவரை எழுதிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் பூதக்கண்ணாடி மேஜையோடு மேஜையாக வண்டியில் ஏறி உட்கார்ந்து, பிணைக்கைதி போலப் போய் இறங்கினார். அமைதிப்புயல் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவரும் அமைதிப்புயலின் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டிலின் கனமான முனையை ஒரே ஆளாகத் தூக்கி வண்டியில் ஏற்றியது யார் என்று நினைக்கிறீர்கள்? அந்த மாமனார்தான். கல்லுக்குண்டு மாதிரி இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்தார். கட்டிலில் சாய்ந்து, தலைப்பக்கத்தை உயர்த்திப் பார்த்துவிட்டு, "சுகமா இருக்குப்பா," என்றார். சுகமாகத் தூங்க வேண்டிய மனிதரை, தம் வீறாப்புக்காகப் பலகையில் கிடத்தப் பார்த்தோமே என்று பூதக்கண்ணாடி கூசிப்போனார். இனி ஏலத்தின் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை என்று அப்பாவின் காலைப் பிடித்துவிட்டபடி மனதுக்குள் சத்தியம் செய்தார். நிஜமாகவே செய்தார். அப்பா கண்ணயர்ந்தார். அறையின் மூலை காலியாக இருந்தது. அங்கே ஒரு ஆடும் நாற்காலி இருந்தால் அப்பாவுக்கு எவ்வளவு நன்றாக இருக்கும் என்று, சும்மா பார்ப்பதற்காகத்தான், போனை எடுத்தார்.

ஜெயித்துவிட்டார். மூலையைவிட நாற்காலி பெரியது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் போனிலும் நாளைக்கே வருகிறேன் என்று நீங்கள் எழுதிய ஒரு வரி எங்கேயாவது பதில் பாக்கியோடு கிடக்கும். எதற்கும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அவர் மனதுக்குள் செய்த சத்தியம் வரைக்கும் எனக்கு எப்படித் தெரியும் என்று மட்டும் கேட்காதீர்கள். கட்டாயம் சொல்லியிருப்பேன். பாருங்கள், மாமனாருக்குத் திடீரென்று உடம்பு சரியில்லை.