எட்டு கிராம் வித்தியாசம்

"சார், பின்னால ரெண்டு பேர் காத்துக்கிட்டிருக்காங்க" என்றாள் செல்போன் கடைப் பெண்.

ஆய்வாளர் கண்ணைத் திறக்கவில்லை. அவருடைய இடது உள்ளங்கையில் ஒரு போன், வலது உள்ளங்கையில் ஒரு போன். இரண்டு கைகளும் தராசுத் தட்டுகளைப் போல மெதுவாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. யாரும் தூக்கிக்கொண்டு ஓடிவிடாமலிருக்கக் கடைக்காரர்கள் மாட்டியிருந்த ஒயர்கள் இரண்டு பக்கமும் தொங்கின.

"எட்டு கிராம்" என்றார் கடைசியில். "புதுசு எட்டு கிராம் கம்மி."

"கரெக்ட் சார். எடுத்துக்கிறீங்களா?"

"இரும்மா. இதென்ன பென்சிலா, பார்த்ததும் வாங்க?"

அவர் இப்படி வந்து நிற்பது இது நான்காவது நாள்.

எடை அளவுத் துறையில் இருபத்தேழு வருடமாக ஆய்வாளர் அவர். கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதிப்பது வேலை. அலுவலகத்தில் அவருக்கு 'கிராம்' என்று பெயர். தராசைவிடத் தன் கையைத்தான் அவர் நம்பினார். மனைவி வாங்கிவந்த வெங்காயத்தைத் தூக்கிப் பார்த்து, "நாற்பது கிராம் அடிச்சுட்டான்" என்பார். அது சரியா தப்பா என்று இதுவரை யாரும் சோதித்ததில்லை. வீட்டில் தராசு கிடையாது. கை இருக்கும்போது தராசு எதற்கு?

அவருடைய பழைய போன் போன வாரம் நசுங்கிப் போனது. ஒரு சிமெண்ட் கிடங்கின் எடை மேடையைச் சோதிக்கக் குனிந்தபோது சட்டைப்பையிலிருந்து நழுவி விழுந்தது. அதன்மேல் இருபது கிலோ எடைக்கல்லை இறக்கி வைத்தவரும் அவரேதான்.

மடிக்கிற போன் வாங்குவது என்று பத்தே நிமிடத்தில் முடிவு செய்துவிட்டார். கண் மங்கத் தொடங்கியிருந்தது. சின்ன ஸ்க்ரீனில் ஆய்வுப் படிவங்கள் எறும்பு ஊர்வது போலத் தெரிந்தன. இது விரித்தால் நோட்டுப் புத்தகம், மடித்தால் சட்டைப்பைக்குள் போய்விடும். அதுவரை சிக்கலில்லை. கடையில் இரண்டு இருந்ததுதான் சிக்கல். கண்ணாடி மேஜையின் வலது பக்கம் 'புதிய வரவு' என்று ஒரு அட்டை, இடது பக்கம் 'சென்ற ஆண்டு மாடல்' என்று ஒரு அட்டை. இரண்டும் கறுப்பு. புதுசின் விலை பழசைப் போல ஒன்றரை மடங்கு.

"வீட்ல மேடத்தையும் கூட்டிட்டு வாங்க சார்" என்றாள் கடைப் பெண். "ரெண்டு பேரும் பார்த்தா சட்டுனு முடிஞ்சிடும்."

நல்ல யோசனையாகத்தான் பட்டது. மறுநாள் மனைவியை அழைத்துப் போனார்.

மனைவி நூலகர். போன்களை அவள் தூக்கிப் பார்க்கவில்லை. காதருகே கொண்டுபோய், திறந்து மூடினாள். மறுபடி திறந்து மூடினாள்.

"பழசையே எடுங்க" என்றாள்.

"ஏன்?"

"மூடும்போது கெட்டி அட்டை போட்ட புத்தகம் மாதிரி டப்புனு நிக்குது. புதுசு வாரப் பத்திரிகை மாதிரி சொதசொதன்னு இருக்கு. நடுவுல மடிப்பு வேற விரல்ல தட்டுது."

"புதுசுல மடிப்பே கிடையாதே! பழசுலதான் தட்டுது."

"எனக்குப் புதுசுலதான் தட்டுது."

"பக்கம் புரட்டிப் புரட்டி உன் விரல் மரத்துப் போச்சு. அதுக்கென்ன தெரியும்?"

சொன்ன பிறகுதான் அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று அவருக்குத் தோன்றியது. வழியெல்லாம் மனைவி பேசவில்லை. வீட்டிலும் பேசவில்லை. அடுத்த மூன்று நாட்கள் அவர்களுக்குள் நடந்த பேச்சு வார்த்தை மொத்தம் இரண்டு. "சாப்பாடு" என்பாள் அவள். "ம்" என்பார் இவர்.

நான்காவது நாள் காலை, மனைவியின் தம்பிக்கு அலுவலகத் தொலைபேசியிலிருந்து பேசினார். மச்சான் போட்டோகிராபர். கல்யாண வீடுகளில் படம் எடுப்பவன். அக்கா அவன் சொன்னால் கேட்பாள்.

"இதுக்குப் போயா சண்டை?" என்று சிரித்தான் மச்சான். "கேமராவைப் பார்த்துத்தான் அத்தான் போன் வாங்கணும். சாயங்காலம் அக்காவைக் கூட்டிட்டு வாங்க. அஞ்சே நிமிஷம்."

அன்று மாலைக்குள் ஆய்வாளர் மனத்தைத் தயார் செய்துகொண்டுவிட்டார். வீட்டில் நிம்மதிதான் முக்கியம். மனைவிக்குப் பிடித்த பழசையே வாங்கிவிடுவது. அப்படி முடிவு செய்த பிறகு, பழசிலும் நல்ல குணங்கள் இருப்பது அவருக்கே தெரிய ஆரம்பித்தது.

மச்சான் கடைக்குள் வந்தான். அக்காவை அங்கிருந்த பிளாஸ்டிக் செடிக்குப் பக்கத்தில் நிறுத்தினான். ஒயர் எட்டுகிற தூரத்தில் நின்று, புதுசில் ஒன்று, பழசில் ஒன்று என்று இரண்டு படம் எடுத்தான்.

"பாருங்க. புதுசுல அக்கா முகம் பளிச்சுனு இருக்கு. பழசுல கொஞ்சம் மஞ்சள் தட்டுது. ரெண்டு வயசு கூடத் தெரியுது."

மனைவி இரண்டு படங்களையும் வெகு நேரம் பார்த்தாள். பிறகு, "புதுசையே எடுங்க" என்றாள்.

ஆய்வாளருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பழசுதானே வேணும்னே?"

"அது அன்னிக்கு."

"பழசுல என்ன குறைச்சல்? கொஞ்சம் கனம், அவ்வளவுதானே. கைக்குப் பழகிடும். புதுசு சும்மா மினுக்கும். நமக்கு எதுக்கு அது?"

சமாதானத்துக்காகச் சொன்னதுதான். ஆனால் மனைவியின் முகம் மாறியது.

"அப்போ நான் ரெண்டு வயசு கூடத் தெரிஞ்சா உங்களுக்குப் பரவாயில்லை?"

"நான் போனைச் சொன்னேன்."

"கனம்னு எதைச் சொன்னீங்க?"

"போனைத்தான்!"

"நான் போய் வண்டியை எடுத்துட்டு வர்றேன்" என்று மச்சான் நழுவினான். வண்டியை எடுத்தான். திரும்பி வராமல் அப்படியே போய்விட்டான்.

இனி வாயால் பேசிப் பயனில்லை, எழுத்தில் வைத்துவிட வேண்டும் என்று ஆய்வாளர் தீர்மானித்தார். மறுநாள் அலுவலகத்தில் உட்கார்ந்து, துறையின் படிவத்திலேயே ஐந்து பக்கத்துக்கு ஓர் ஒப்பீட்டு அறிக்கை எழுதினார். எடை, கீலின் சத்தம், மடிப்பின் ஆழம், முகத்தின் நிறம் என்று தனித்தனிக் கட்டங்கள். முடிவு: புதுசு. கீழே கையெழுத்து, தேதி, பழக்கதோஷத்தில் முத்திரையும் வைத்துவிட்டார். வீட்டில் மனைவியிடம் மரியாதையாகக் கொடுப்பதாக உத்தேசம்.

ஆனால் அது அன்றைய ஆய்வுக் கோப்புகளோடு சேர்ந்து மேலதிகாரியின் மேஜைக்குப் போய்விட்டது.

மேலதிகாரி அதிகம் பேசாத பெண்மணி. ஆய்வாளரை அழைத்து, அறிக்கையை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

"'எடை: கையால் அறியப்பட்டது'ன்னு போட்டிருக்கீங்க."

"ஆமாம் மேடம்."

"ஒரு கடைக்காரர் கையால எடை போட்டுக் குடுத்தா நாம என்ன செய்வோம்?"

"கடைக்கு சீல் வைப்போம் மேடம்."

"அப்போ உங்க கைக்கு சீல் வைக்கலாமா?"

ஆய்வாளர் கையை மேஜைக்குக் கீழே கொண்டுபோனார்.

"நம்ம தராசைக் கொண்டுபோயிருக்கலாமே?"

"ஒயரைக் கழட்ட விடமாட்டாங்க மேடம். ஒயரோட எடை போட்டா கணக்கு தப்பிடும். ஆனா என் கை தப்பாது மேடம்."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சொல்லாமல் விட்டிருக்கலாம். மேலதிகாரி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"இந்தக் கைப் பெருமையை ரொம்ப நாளா கேட்டுக்கிட்டிருக்கேன். நானும் போன் மாத்தணும்னுதான் இருக்கேன். சனிக்கிழமை கடைக்கு வர்றேன். கண்ணைக் கட்டிக்கிட்டு எது புதுசு, எது பழசுன்னு சொல்லுங்க. சரியா சொன்னா உங்க அறிக்கைப்படி நானும் புதுசு வாங்கறேன்."

"தப்பா சொன்னா மேடம்?"

"இனிமே வெளி ஆய்வுக்குப் போக வேண்டாம். இங்கேயே உட்கார்ந்து ரசீது புத்தகத்துக்கு நம்பர் போட்டுக்கிட்டிருங்க."

வீட்டுக்கு வந்து எதையும் மறைக்காமல் மனைவியிடம் சொன்னார். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள். கடைசிச் சட்டையை மடித்து வைத்துவிட்டு, "நானும் வர்றேன்" என்றாள்.

"கோபம் போயிடுச்சா?"

"போகலை. ஆனா நீங்க ஆபீஸ்ல உட்கார்ந்து நம்பர் போட்டா, சாயங்காலம் அந்தப் புலம்பலை யார் கேக்கறது? நான்தானே?"

சனிக்கிழமை மாலை கடையில் நல்ல கூட்டம். மேலதிகாரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மச்சான் தன் பெரிய கேமராவோடு வந்திருந்தான். விஷயம் தெரிந்து மற்ற வாடிக்கையாளர்களும் சுற்றி நின்றுகொண்டார்கள். மனைவி தன் கைக்குட்டையை எடுத்து அவர் கண்ணைக் கட்டினாள். அந்த ஒரு வாரக் கோபமும் முடிச்சில் இறங்கியது.

"வலிக்குது."

"வலிக்கட்டும்."

கடைப் பெண் இரண்டு போன்களையும் ஒயரோடு மாற்றி மாற்றி நகர்த்தினாள். ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தாள். பிறகு அதை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்தாள்.

"முதல்ல வெச்சது எது சார்?"

ஆய்வாளர் கையை ஏற்றினார், இறக்கினார். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கை ஒன்றும் சொல்லவில்லை. எட்டு கிராமைக் காணோம். இரண்டும் ஒரே கனமாகத் தெரிந்தன. அவருக்கு வியர்த்தது. பயத்தில் கை மரத்துவிட்டது என்று நினைத்தார். மனைவியின் விரலைப் பற்றித் தான் சொன்னது ஞாபகம் வந்தது. கண்ணைக் கட்டிய இருட்டில் ரசீது புத்தகங்கள் வரிசையாக வந்து நின்றன.

"ம், சொல்லுங்க" என்றார் மேலதிகாரி.

"அது... புதுசு."

"கரெக்ட் சார்!" என்றாள் கடைப் பெண்.

அவருக்கு மூச்சு வந்தது. மறுபடி வைத்தாள்.

"பழசு."

"கரெக்ட்!"

அதற்குப் பிறகு கை விழித்துக்கொண்டது. எட்டு கிராம் துல்லியமாகத் திரும்பி வந்தது. புதுசு, புதுசு, பழசு, புதுசு என்று வைக்க வைக்கச் சொல்லிக்கொண்டே போனார். பத்துக்குப் பத்து. சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். மச்சான் விசில் அடித்தான்.

மேலதிகாரிக்கே ஆசை வந்துவிட்டது. அவரும் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினார். "இது பழசு. கொஞ்சம் இழுக்குது."

"கரெக்ட் மேடம்!"

"இது புதுசு."

"கரெக்ட்!"

கண்ணைத் திறந்தபோது அவர் முகத்தில் ஒரு மரியாதை தெரிந்தது. "தப்பா நினைச்சுட்டேன் சார். பழகினா கைக்கே தெரியுது. திங்கட்கிழமை அந்த அறிக்கையை எனக்கு ஒரு காப்பி குடுங்க" என்றார். உடனே புதுசு ஒன்றுக்கு முன்பதிவு செய்தார். மச்சானும் ஒன்றுக்குச் சொன்னான். ஆய்வாளர் மனைவியைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள். அவரும் புதுசுக்கே பெயர் கொடுத்தார்.

"மூணு பேருக்கும் பேக்டரியிலேர்ந்து நேரா ஒரு வாரத்துல வந்துடும் சார்" என்று சொல்லிவிட்டு, கடைப் பெண் ரசீது போடக் கவுண்டருக்கு ஓடினாள்.

மனைவி கைக்குட்டையை அவிழ்த்து மடித்தாள். யாரும் பார்க்காத நேரத்தில் அவருடைய வலது கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"இருபத்திரண்டு வருஷமா இந்தக் கையை நம்பாமலே இருந்துட்டேங்க. வெங்காயக் கடைக்காரர்கிட்டக்கூட உங்களுக்காக மன்னிப்பு கேட்டுக்கிட்டிருந்தேன்."

"விடு. உனக்கும் போகப் போகத் தெரிஞ்சிடும்" என்றார் அவர் பெருந்தன்மையாக.

கூட்டம் கலைந்தது. கடையைப் பெருக்கித் துடைக்கிற அம்மாள் ஈரத் துணியோடு வந்து, கண்ணாடி மேஜையில் பதிந்திருந்த விரல் ரேகைகளைத் துடைக்க ஆரம்பித்தாள். போன்கள் இரண்டையும் ஒரே கையில் அள்ளி ஓரமாக நகர்த்தினாள்.

ஆய்வாளர் பதறிப் போனார். "பார்த்தும்மா, பார்த்து! ரெண்டும் கலந்துடப் போகுது. வலது பக்கம் இருந்தது புதுசு."

அந்த அம்மாள் துடைப்பதை நிறுத்தவில்லை.

"அட, நீங்க வேற சார். புதுசை வந்த அன்னிக்கே யாரோ பின்பக்கமா மடிச்சு உடைச்சுட்டாங்க. அட்டை சும்மா இருக்கக் கூடாதேன்னு முதலாளி அன்னியிலேர்ந்து ரெண்டு பக்கமும் பழசைத்தான் வெச்சிருக்கார்."