நான்கு கட்டம், நான்கு இல்லை

1955 மார்ச் 7, திங்கட்கிழமை. ராயபுரத்தில் ராமசுப்புவின் ஐஸ் ஃபேக்டரியில், எஞ்சின் அறைச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டப்பட்டது. மாதம் ஒரு முறை எஞ்சினிலிருந்து எண்ணெய் எடுத்து, புட்டியில் அடைத்து, அரக்கு வைத்துச் சோதனைச்சாலைக்கு அனுப்ப வேண்டும். எண்ணெயில் இரும்புத்தூள் தெரிந்தால் உள்ளே ஏதோ தேய்கிறது என்று பொருள். தேய்ந்தால் அது எஞ்சின் டிரைவரின் குற்றம். அவர் ஐஸ் பாளம் தூக்கப் போக வேண்டும்.

எஞ்சின் டிரைவர் பெயர் அப்பாவு. வயது ஐம்பத்து மூன்று. இடுப்புப் பிடிப்பு வேறு.

ஒரு வாரமாகவே எஞ்சினின் அடிவயிற்றில் 'டொக், டொக்' என்று சத்தம். பேரிங் தேய்கிறது என்பது அவருக்குத் தெரியும். வாயைத் திறந்தால் பாளம். வாயை மூடிக்கொண்டு எண்ணெயை அனுப்பினால், எண்ணெய் சொல்லிவிடும்.

ஸ்டோர் அறையில் புது எஞ்சின் எண்ணெய் டிரம் ஒன்று திறந்திருந்தது. எஞ்சினை விட்டு நகர முடியாத அப்பாவு, பெருக்க வந்த சிலுவையம்மாளைக் கைகாட்டி அழைத்தார்.

"தோ பாரு, இந்தப் புட்டில நல்ல எண்ணயா பாத்து ஊத்தி, அரக்கு வச்சு ஆபீஸ்ல குடுத்துடு. யாராண்டயும் மூச்சு உடாத."

"இன்னாது? எஞ்சின் சத்தத்துல ஒண்ணும் கேக்கல!"

"நல்ல எண்ண! நல்ல எண்ண!"

"அத்துக்கு இன்னாத்துக்கு அண்ணாத்தே இப்படிக் கூவுற?" என்று அவள் புட்டியை வாங்கிக்கொண்டு போனாள்.

ஒன்பதாம் நாள் ரிப்போர்ட் வந்தது. ராமசுப்பு திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அச்சடித்த காகிதத்தில் அசையாத நம்பிக்கை உள்ளவர். எஞ்சின் அறைக்கே வந்து உரக்கப் படித்தார்.

"இரும்புத்தூள், இல்லை. மணல், இல்லை. தண்ணீர், இல்லை. கரி, இல்லை. நாலு கட்டம், நாலு இல்லை! இவ்வளவு சுத்தமான எண்ணெய அவங்க பாத்ததே கிடையாதாம். எப்படிவே பண்ணுதீரு?"

"எல்லாம் ஒரு கவனிப்புதான் மொதலாளி."

அந்தக் கவனிப்பை மதித்து, ஏப்ரலில் நடக்கவிருந்த வருஷாந்தர ரிப்பேரை முதலாளி ரத்து செய்தார். எஞ்சினைத் தினமும் இரண்டு மணி நேரம் கூடுதலாக ஓட்டவும் உத்தரவிட்டார்.

'டொக்' இப்போது 'டங்' ஆயிற்று. அப்பாவு லாரிக்குப் போடும் கனத்த எண்ணெயை உள்ளே ஊற்றினார். சத்தம் அடங்கியது, சூடு ஏறியது. நான்கு நாளில் சத்தமும் திரும்பி வந்தது.

"மொதலாளி, பேரிங் தேஞ்சிகினு கீது. நிறுத்திப் பிரிச்சுப் பாத்துடலாம்."

"ரிப்போர்ட்டுல இல்லியே?"

"காதுல கேக்குதே?"

"உம்ம காது எந்தக் காலேஜ்ல வே படிச்சுது?"

பாளம் தூக்கினாலும் பரவாயில்லை என்று, ஏப்ரல் மாத எண்ணெயை அப்பாவு தானே எஞ்சினிலிருந்து பிடித்தார். தார் போலிருந்தது. விரலில் தேய்த்தால் மினுமினுத்தது. அதையே அரக்கு வைத்து அனுப்பினார்.

சோதனைச்சாலை பதில் எழுதியது: இந்த எண்ணெய் முன்பு அனுப்பியதோடு எவ்வகையிலும் ஒத்துப்போகவில்லை. யாரோ விஷமமாக இரும்புத்தூளும் கரியும் கலந்திருக்கிறார்கள். முதல் புட்டியே உண்மையானது.

ராமசுப்பு எஞ்சினின் எண்ணெய் மூடிக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"எண்ண மாத்தணுமே மொதலாளி?"

"சுத்தமான எண்ணெய எதுக்குவே மாத்தணும்?"

மே 12 அன்று எஞ்சின் இறுகி நின்றது. ஐஸ் இல்லாததால் காசிமேட்டில் அன்றைய மீன் முழுவதும் கருவாட்டுக்குப் போனது.

மறுநாள் சோதனைச்சாலையிலிருந்து கெமிஸ்ட் அருள்பிரகாசம் நேரில் வந்தார். குட்டு வெளிப்படப் போகிறது என்று அப்பாவு துண்டை அக்குளில் இடுக்கி ஓரமாக நின்றார். கெமிஸ்ட் பையிலிருந்து மார்ச் மாதப் புட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். மிச்சமிருந்த எண்ணெய் பொன்னிறமாக இருந்தது.

"எஞ்சின் போனதுல எங்களுக்கும் வருத்தம்தான் சார். ஆனா எண்ணெய் மேல குத்தமே இல்ல. அந்தச் சூட்டுல கிடந்தும் கொஞ்சம்கூட கறுக்கல பாருங்க! எங்ககிட்ட வர்ற எஞ்சின்காரங்க முப்பது பேருக்கும் இதையே ஊத்தச் சொல்லி லெட்டர் போட்டாச்சு. எந்தக் கம்பெனி சரக்குன்னு மட்டும் சொல்லிடுங்க."

ராமசுப்பு அப்பாவுவைப் பார்த்தார். அப்பாவு, வாசற்படியில் துடைப்பத்தோடு நின்ற சிலுவையம்மாளைப் பார்த்தார்.

"ஸ்டோர் டிரம்மு மேல இன்னா பேரு போட்டிருந்துது, சொல்லு."

"டிரம்மா? நீ நல்லெண்ண தான அண்ணாத்தே கேட்ட?" என்றாள் சிலுவையம்மாள். "எங்க வூட்டுல இருந்து ஊத்தியாந்தேன். காலடிப்பேட்ட செக்குல ஆட்டுனது. கம்பெனி இன்னா கம்பெனி, ஒரே ஒரு மாடுதான் கீது."