பார்சல் எதுவும் அனுப்பாதே

அன்புத் தங்கைக்கு,

உன் அண்ணன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்கவேண்டும். "தம்பி மகளுக்கு என்ன வாங்கி அனுப்பட்டும், அண்ணா?" என்று கேட்டிருந்தாய். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒன்றும் அனுப்பாதே. நீயும் வராதே. டிவி விளம்பரத்தில் நாய்க்குட்டி தொலைந்தாலே மூக்கைச் சிந்துகிறவள் நீ. ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து ஏறிக்கொண்டிருக்கும் ஆறு வயதுக் குழந்தையின் அறை உனக்குத் தாங்காது. எனக்கே தாங்கவில்லை. முப்பத்திரண்டு வருஷம் பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்தவன் நான். இந்த மூன்று வாரத்தில் வாங்கிய அதிர்ச்சியை மொத்த சர்வீஸிலும் வாங்கியதில்லை.

முதல் தடவை குழந்தையைப் பார்க்கக் கிளம்பிய அன்று கடைக்குப் போய், ஆறு வயதுப் பெண் குழந்தைக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டேன். கடைக்காரம்மா யோசிக்கவே இல்லை, ஒரு பெட்டியை எடுத்து வைத்தார்: இருபத்துநான்கு கிளிப், நாலு ரிப்பன், முத்து பதித்த சீப்பு. எனக்கும் பரம திருப்தி, நம் குழந்தைக்கு இடுப்பு வரை முடியல்லவா. ஆஸ்பத்திரியில் கையைக் கழுவச் சொன்னார்கள், கழுவினேன், மாஸ்க் மாட்டச் சொன்னார்கள், மாட்டினேன், கதவைத் திறந்தேன். குழந்தை திரும்பியது. தலையில் ஒரு முடி இல்லை, தங்கச்சி. ஒன்றுகூட இல்லை. மருந்து போட்டால் கொட்டும் என்று ஊர் உலகத்துக்கெல்லாம் தெரியுமாம், எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பெட்டியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன். அது விடுமா? பிடுங்கித் திறந்து பார்த்தது. தம்பி பெண்டாட்டி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்று நிற்கிறேன், குழந்தை என் தலையையே உற்றுப் பார்க்கிறது. "பெரியப்பா, உங்களுக்கும் இந்த மருந்துதான் போட்டாங்களா?" "இல்லடா கண்ணு, எனக்குத் தானா போயிடுச்சு." "தானாவேவா! ஐயோ பாவம்" என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டு, என் காதோரத்தில் மிச்சமிருக்கும் முடியில் கிளிப்பை மாட்ட ஆரம்பித்தது. பதினாறோடு இடம் தீர்ந்துபோனதால் மீதியைப் புருவத்தில் மாட்டியது. ரவுண்ட்ஸ் வந்த பெரிய டாக்டர் என்னை முதல்முதலாகப் பார்த்தது அந்தக் கோலத்தில்தான்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். விதி யாரை விட்டது? மறுநாள் பூங்கொத்து கொண்டுபோனேன், "பூ உள்ள வரக்கூடாதுங்க, கிருமி இருக்கும்" என்று நர்ஸம்மா வாசலிலேயே மடக்கினார். பழக்கூடைக்கும் அதே மரியாதை. "அப்ப என்னதாங்க கொண்டு வரலாம்?" என்றால், "புதுசா இருக்கணும், துவைக்கிற மாதிரி, துடைக்கிற மாதிரி இருக்கணும்" என்றார். ஒரு பொம்மைக் கரடி வாங்கினேன். துவைக்க முடியும் என்று நிரூபிக்கவேண்டுமே! வீட்டில் மெஷினில் போட்டு, கிருமி எதுவும் தப்பக்கூடாதென்று கொதிக்கிற சூட்டில் வைத்தேன். வெளியே வந்த கரடிக்கு மண்டையில் பாதி ரோமம் இல்லை. நர்ஸம்மாவிடம் காட்டி நியாயம் கேட்டுக்கொண்டிருந்தபோது கண்ணாடி வழியாகக் குழந்தை பார்த்துவிட்டது. "இதுக்கும் மருந்து போட்டுட்டாங்களா?" என்று அது கேட்டதும் நான் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அடுத்து தங்கமீன் தொட்டி. அதைப் பார்த்ததும் நர்ஸம்மா நேரே லிப்டைக் கைகாட்டினார். மீன் இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறது. உன் அண்ணி என்னைவிட அதற்குத்தான் நேரத்துக்குச் சாப்பாடு போடுகிறாள்.

இதற்குள் குழந்தை பேச்சையே நிறுத்திவிட்டது. ஊசி என்றால் போர்வைக்குள் போய்விடும், மாத்திரை என்றால் பல்லைக் கடித்துக்கொள்ளும். தம்பி கெஞ்சிக் கெஞ்சி ஓய்ந்துபோனான். மருந்து உள்ளே போகாவிட்டால் என்ன ஆகும் என்று டாக்டர் சொன்னதை நான் உனக்கு எழுதப்போவதில்லை. தோற்றுப்போய்க் குழந்தையிடமே கேட்டேன். "உனக்கு என்னதாண்டா வேணும் கண்ணு?" போர்வைக்குள்ளிருந்து பதில் வந்தது. "கேக்காம யாரும் என் ரூமுக்குள்ள வரக்கூடாது. அத வாங்கித் தாங்க."

அன்று நான் அங்கே இருந்த நேரத்துக்குள் பதினோரு பேர் வந்தார்கள். ஒருவர் ரத்தம் எடுத்தார், ஒருவர் ஜுரம் பார்த்தார், ஒருவர் தரையைத் துடைத்தார், ஒருவர் தப்பான அறைக்கே வந்து போர்வையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போனார். எல்லாரும் நல்லவர்கள்தான். ஒருவராவது அந்தக் குழந்தையிடம் "வரலாமா?" என்று கேட்கவேண்டுமே! இரண்டு பேர்தானே வந்தார்கள் என்று தம்பி சொல்கிறான். அவனுக்கு அவ்வளவு பழகிப்போயிருக்கிறது.

வீட்டுக்கு வந்து பரணில் ஏறி, டிக்கெட்டில் ஓட்டை போடும் என் பழைய இடுக்கியைத் தேடி எடுத்தேன். நர்ஸம்மா ஸ்பிரிட் விட்டு அதை மூன்று முறை துடைத்து, முதல்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தார். புதுக் காகிதத்தில் டிக்கெட் வெட்டி, இடுக்கியோடு குழந்தை கையில் கொடுத்தேன்; கேட்கிறவர்களுக்கு டிக்கெட் கொடுப்பதும், ஓட்டை போட்டு உள்ளே விடுவதும் இனி அதுதான். அன்றிலிருந்து டிக்கெட் இல்லாமல் யாரும் உள்ளே போக முடியாது. பெரிய டாக்டரே வாசலில் நின்று பாக்கெட்டைத் துழாவுகிறார். "இன்னைக்கு ஒரு தடவ விடுறேன், நாளைலேர்ந்து எடுத்துட்டு வரணும்" என்று எச்சரிக்கை வாங்கிக்கொண்டுதான் நுழைகிறார். ஊசிக்குத் தனி டிக்கெட்: ஒரு டிக்கெட்டுக்கு ஒரு குத்து. நேற்று நரம்பு கிடைக்காமல் இரண்டாவது தடவை குத்தப் போனவரிடம், "டிக்கெட் முடிஞ்சுபோச்சு, வேற ஆள் வாங்க" என்று கையை இழுத்துக்கொண்டது. கைதேர்ந்த ஒரு நர்ஸ் வந்து ஒரே குத்தில் முடித்தார். குழந்தை அழுதது, ஆனால் கையைக் கொடுத்தது. மாத்திரையும் போட்டுக்கொள்கிறது.

இனி அதிர்ச்சியிலெல்லாம் பெரிய அதிர்ச்சியைச் சொல்கிறேன். இன்று காலை, பெரியப்பாவை யார் கேட்கப்போகிறார்கள் என்று டிக்கெட் எடுக்காமல் நுழைந்தேன். "இறங்குங்க" என்றது. முப்பத்திரண்டு வருஷ சர்வீஸ், பாஸ், வயசு எதுவும் எடுபடவில்லை. இந்தக் கடிதத்தை ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நின்றுகொண்டேதான் எழுதுகிறேன்.

ஆகவே பரிசு, பார்சல், பயணம் எதுவும் வேண்டாம். மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ ஆசீர்வதிக்கும்,

உன் மூத்த அண்ணன்.

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது கதவு திறந்தது. குழந்தை எட்டிப் பார்த்து, யாருக்கு எழுதுகிறேன் என்று கேட்டது, சொன்னேன். "அத்தை ஏன் வரல?" என்றது. நீ அழுவாய் என்றேன். "அழலாம், டிக்கெட் இருந்தா போதும்" என்று ஒரு டிக்கெட்டை எழுதி, ஓட்டை போட்டுக் கொடுத்தது. இத்துடன் வைத்திருக்கிறேன். தேதி போடவில்லையே என்றால், "அத்தை எப்ப வந்தாலும் செல்லும்" என்கிறது. மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டு உடனே கிளம்பு. கையில் எதுவும் வேண்டாம், டிக்கெட்டை மட்டும் மறந்துவிடாதே; என் சிபாரிசு அங்கே செல்லாது.