ஆறு மணிப் பட்டியல்

"என்னலே இது? பதினொன்றரைக்குப் போயிருக்கு."

பட்டாசுக் கம்பெனி முதலாளி செந்தூர்பாண்டி செல்போனை மேசையில் வைத்தார். வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு வரை ராகு காலம். அந்த நேரத்தில் அவர் பேனா மூடியைக்கூடத் திறக்க மாட்டார்.

"ஆறு மணிக்குத்தான் வச்சேன் அண்ணாச்சி," என்றான் தருண்குமார்.

இருநூறு கடைகளுக்கு அன்றைய சரக்குப் பட்டியல் காலையில் தானாகவே வாட்ஸ்அப்பில் போக வேண்டும். அவன் எழுதிய புரோகிராமுக்கு இதுதான் முதல் நாள். சர்வரோ எங்கோ வெளிநாட்டில் இருந்தது. அதன் கடிகாரம் நம்முடையதைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடியது.

சனிக்கிழமை அனுப்புவதை நிறுத்திவைத்துத் திருத்தினான். பதற்றத்தில் ஐந்தரையைக் கழிப்பதற்குப் பதில் கூட்டிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை பட்டியல் மாலை ஐந்து மணிக்குப் போயிற்று. அன்று நாலரை முதல் ஆறு ராகு காலம்.

"தேடிப் புடிச்சுல்ல அனுப்புறே."

மொத்தமாக அனுப்பினால் நம்பர் முடங்கும் என்று வாட்ஸ்அப்பிலிருந்து எச்சரிக்கை வேறு வந்திருந்தது. கடிகாரத்தை இந்திய நேரத்துக்கு மாற்றி, கடைக்கு ஒரு நிமிட இடைவெளியும் விட்டான். திங்கட்கிழமை ஆறு மணிக்குத் தொடங்கியது ஒன்பதேகாலைத் தாண்டித்தான் முடிந்தது. ஏழரை முதல் ஒன்பது வரை ராகு காலம். அதில் மட்டும் தொண்ணூறு கடைகள்.

"நாளைக்கும் இப்படிப் போச்சுன்னா வேற கம்பெனி பாத்துக்க. கல்யாணத்துக்கு மட்டும் வந்துர்றேன்," என்றார் செந்தூர்பாண்டி.

தருண்குமாருக்கு அடுத்த மாதம் கல்யாணம். மாப்பிள்ளை சிவகாசியிலேயே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறார் என்று சொல்லித்தான் பெண் வீட்டில் பேசி முடித்திருந்தார்கள். அன்றிரவே உட்கார்ந்து இடைவெளியை ஐந்து விநாடியாக்கினான்.

செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்குத் தொடங்கி ஆறு இருபதுக்கெல்லாம் கச்சிதமாக முடிந்தது. நிம்மதியாக இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டுவிட்டு வந்தான்.

பதினொரு மணி வரை ஒரு ஆர்டரும் இல்லை. இத்தனை நாள் திட்டுக்கு நடுவே ஆர்டர் என்னவோ வந்துகொண்டுதான் இருந்தது.

"நல்ல நேரத்துல அனுப்பியும் ஒருத்தரும் கேக்கலையேலே. அப்படி என்னத்தை அனுப்புனே?"

வேலை போய்விட்டது என்றே தருண்குமார் நினைத்தான். அப்போது செல்போன் அடித்தது. காரியாபட்டிக் கடைக்காரர் கருத்தப்பாண்டி. செந்தூர்பாண்டி ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணாச்சி, இன்னைக்கு ஏன் விடியக்காலையில அனுப்பிட்டீக? ராகு காலத்துக்கே அனுப்பச் சொல்லுங்க, அப்பத்தான் யாவாரத்தை நிப்பாட்டிட்டு உக்காந்து படிப்போம்."